மலையில் மட்டும் இரைந்த இயர்போன்

சந்தவாசல் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பொம்பளை என்ன சால்டரிங் பண்ணப் போகிறாள் என்று கேட்டவர்களே இன்று போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருகிறார்கள். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, அந்தத் திமிரில் நான் செய்த தப்பை எழுதுகிறேன்.

ரோஜா ஜவ்வாது மலையில் சாமை விதைக்கும் வீட்டுப் பெண். டிகிரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். மழையில் நனைந்து அவள் போனில் மைக்கும் ஸ்பீக்கரும் போய்விட்டன. சரி செய்ய வசதியில்லாமல், மைக் வைத்த மலிவு இயர்போன் ஒன்றை என் கடையில் வாங்கிப் போனாள். நாலாம் நாள் வந்து நின்றாள்.

“அக்கா, பேசறப்போ டர்ரு டர்ருன்னு இரையுது. அவங்க பேசறது எனக்குக் கேக்கல. நான் பேசறது அவங்களுக்குக் கேக்கல.”

அவள் போனிலேயே செருகிப் பேசிப் பார்த்தேன். சுத்தமாகக் கேட்டது. இருந்தாலும் வேறொன்று மாற்றிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அதையும் கொண்டுவந்தாள். அதுவும் சுத்தம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“இங்க நல்லாத்தானே கேக்குது? ஜாக்கை முழுசா அமுக்கிப் போடு. இதுல இன்னா இருக்குது?”

“வூட்லதான்க்கா இரையுது.”

“வூட்ல ஒரு மாதிரி, கடையில ஒரு மாதிரி பேசறதுக்கு அது இன்னா மாமியாரா?” என்றேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் இயர்போனை எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் முறை வந்தபோது அவள் மாற்றித் தரச் சொல்லவில்லை. வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ரிசப்ஷன் வேலைக்குப் போனில் இன்டர்வியூ நடந்திருக்கிறது. இரைச்சல் தாங்காமல் பாதியிலேயே வைத்துவிட்டார்கள். அப்புறம் இவள் கூப்பிட்டும் எடுக்கவில்லை.

“ஆரணியில ஒரு கம்பெனிக்கும் எழுதிப் போட்டிருக்கேன். இந்த வாரத்துல எப்ப வேணா கூப்புடுவாங்களாம். இதுவும் போச்சின்னா வூட்ல கல்யாணம் பேசிடுவாங்க. ஒரு தபா மேல வந்து கேட்டுட்டுப் போங்கக்கா.”

மறுநாள் காலையிலேயே டூல்ஸ் பையோடு மலை பஸ் ஏறினேன். அவள் வீட்டுப் புளியமரத்தடியில் நின்று, அவள் போனில் இயர்போனைச் செருகி என் கடைப் பையனைக் கூப்பிட்டேன். டர்ர்ர். காதுக்குள் யாரோ தகரத்தைச் சுரண்டுவது போல இருந்தது. என் போனில் செருகினாலும் அதே டர்ர்ர். அவமானமாக இருந்தது.

சிக்னல் ஒரு கோடுதான் காட்டியது. 4ஜி போய் 2ஜிக்கு இறங்கியிருந்தது. டவர் தூரமாக இருந்தால், அதற்கு எட்டும்படி போன் சிக்னலை முழு பவரில் கத்தி அனுப்ப வேண்டும். அதுவும் 2ஜியில் விட்டு விட்டுக் கத்தும். மலிவு இயர்போன் வயரில் அந்த சிக்னலைத் தடுக்கும் உறையான ஷீல்டு கிடையாது. அந்த வயரே ஆன்டெனாவாகி, போன் கத்துவதைக் காதிலும் மைக்கிலும் இரைச்சலாக ஏற்றிவிடும். என் கடைக்குப் பின்னாலேயே டவர் இருக்கிறது. அங்கே வைத்து நான் நூறு முறை செக் பண்ணினாலும் சுத்தமாகத்தான் கேட்டிருக்கும்.

பழைய மானிட்டர் கேபிளிலிருந்து கழற்றிய ஃபெரைட் ஒன்று பையில் கிடந்தது. வயரில் ஏறும் இரைச்சலை அடக்குகிற, இரண்டாகத் திறந்து மூடும் கறுப்பு உருளை அது. ஜாக்குக்குப் பக்கத்தில் வயரை அதற்குள் மூன்று சுற்று சுற்றி மூடினேன். இரைச்சல் முழுதாகப் போகவில்லை, ஆனால் பேச்சு தெளிவாகக் கேட்டது.

ஆரணி வேலை அவளுக்குக் கிடைத்தது. சேரப் போகிற அன்று பஸ் மாறும்போது கடைக்கு வந்து சொன்னாள். கறுப்பு உருளை வயரில் அப்படியே இருந்தது.

“என்மேல கோவமாம்மா?” என்று கேட்டேன்.

“கோவமெல்லாம் இல்லக்கா. நீங்க மொத தபாவே வந்திருந்தா வேலூர் வேலை கெடச்சிருக்கும். அதுக்குத்தான் ரொம்ப ஆசப்பட்டேன்” என்றாள். பஸ் வந்துவிட்டது, போய்விட்டாள்.

இப்போதெல்லாம் இயர்போன் இரைகிறது என்று யார் வந்தாலும், எங்கே நின்று பேசுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். அதற்குப் பிறகுதான் மேஜையில் வைத்து செக் பண்ணுகிறேன். அங்கே சுத்தமாகக் கேட்டால் முன்பு போல நிம்மதி வருவதில்லை.