பூட்டிய அறையிலிருந்து ஒரு பதில்

போன வாரம், நாமக்கல் பக்கம் ஒரு கோழிக்குஞ்சு பொரிப்பக ஆபீஸ். அங்கே இருந்தவர்கள்: ஓனர். பில் போடும் கவிதா. சேலம் அம்மாபேட்டையிலிருந்து கம்ப்யூட்டர் சரிசெய்ய வந்த ரேவதி. வேன் ஓட்டும் நான். வெளியே வேனில், பொரிந்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சுகள்.

கர்நாடகா லோடு. பில் இல்லாமல் எடுக்க முடியாது. பில் கணக்கெல்லாம் மாடி அறைக் கம்ப்யூட்டரில். கவிதா கீழே இருந்தபடியே அதைத் திறந்து பில் போடுவார். அன்று திறக்கவில்லை. நெட்வொர்க் பட்டியலில் அந்தக் கம்ப்யூட்டரின் பெயரே இல்லை.

மாடிக்கே போய்விட வேண்டியதுதானே? அறை பூட்டியிருந்தது. சாவி, ஓனரின் தம்பியோடு மோகனூர் கல்யாணத்துக்குப் போய்விட்டது. போனை அவர் எடுக்கவில்லை.

வெயில் ஏறியது. ஓடுகிற வேனில் காற்று புகும். நிற்கிற வேனில்? குஞ்சு கத்தும்வரை பயமில்லை. கத்தல் குறைந்தால்தான் பயம்.

குறைந்துகொண்டிருந்தது.

“ஏம்புள்ள, என்னத்தையோ அமுத்தி அழிச்சுப்போட்டயா?” என்றார் ஓனர்.

“நான் ஒண்ணையும் தொடலீங்க.” கவிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ரேவதி சுவரைப் பார்த்தார். “இந்த ரௌட்டர் புதுசா சார்?”

“நேத்து நானே வாங்கியாந்து மாட்டுனேனுங்க. கீழ வைஃபை எடுக்கலை. இப்ப ஜோரா எடுக்குது.”

“எடுக்கும் சார். ஆனா மாடி ஒரு நெட்வொர்க், கீழ ஒரு நெட்வொர்க்னு பிரிஞ்சிருச்சு. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ‘நான் இங்க இருக்கேன்’னு கத்திட்டே இருக்கும். அதைக் கேட்டுத்தான் பட்டியல்ல பேர் வரும். அந்தக் கத்தல் ரௌட்டரைத் தாண்டாது.”

“அப்ப மேல இருக்கறது போயிருச்சுங்களா?”

“இருக்கு சார். நமக்குக் கேக்கல, அவ்வளவுதான். அந்தக் கம்ப்யூட்டரோட நெட்வொர்க் நம்பர் தெரிஞ்சா நேராப் போயிரலாம்.”

“அப்ப நான் அழிக்கலீங்கல்ல?” என்றார் கவிதா. ஓனர் ஃபேனைப் பார்த்தார்.

கறுப்புத் திரையில் மாடிப் பக்கத்து எண்களை ஒவ்வொன்றாக அடித்தார் ரேவதி. பதில் இல்லை. அடுத்தது... பதில் இல்லை. அடுத்தது...

ஒரு வரி வந்தது. அதன் கீழே இன்னொரு வரி.

பூட்டிய அறை. உள்ளே ஆளில்லை. கூப்பிட்டதும் பதில் சொல்லிவிட்டது!

பில் சாஃப்ட்வேரில் பெயர் இருந்த இடத்தில் அந்த எண்ணைப் போட்டார். கணக்கு முழுதும் வந்து நின்றது — ஒரு வரி குறையாமல்.

நான் பல ஊர் பார்த்தவன். மலைப்பாதையில் மேகத்துக்குள் வண்டி ஓட்டியவன். அன்று அந்த இரண்டு வரியைத்தான் அதிசயமாகப் பார்த்தேன். பட்டியலில் பேர் இல்லாவிட்டால் ஆளே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். எத்தனை பேரை இப்படி விட்டிருப்போம்... கூப்பிட்டுக்கூடப் பார்க்காமல்?

“அண்ணா, பில்லு.” கவிதா நீட்டினார்.

“டீ சொல்லட்டுமா சாமி?” என்று கவிதாவிடம் கேட்டார் ஓனர். மன்னிப்பு அவருக்கு அப்படித்தான் வரும்.

பைபாஸ் ஏறியதும் வேனுக்குள் காற்று புகுந்தது. பின்னால் கத்தல் மெல்லக் கூடியது. ரேடியோவைப் போடவில்லை. அதையே கேட்டுக்கொண்டு ஓட்டினேன்.

சாயங்காலம் பண்ணையில் பெட்டி பெட்டியாக இறக்கி எண்ணினார்கள். அந்த வெயிலுக்கு நூறு போயிருந்தாலும் என்னை ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள்.

செத்தது மூன்று.