கல்லின் கடைசி வரி

எங்கள் ஆய்வு மையத்தில் கல்வெட்டின் கடைசி வரியை யாரும் முழுதாக எழுதுவதில்லை. யார் யாருக்கு என்ன கொடுத்தார் என்பதையெல்லாம் அட்சரம் பிசகாமல் எழுதுவோம். முடிவில் வரும் சாபத்துக்கு மட்டும் 'வழக்கமான வாசகம்' என்று போட்டு முடித்துவிடுவோம். எல்லாக் கல்லிலும் அதே கங்கைக்கரை, அதே காராம்பசு, அதைக் கொன்ற அதே பாவம். எத்தனை தடவைதான் எழுதுவது?

அப்போது அறுபதுகளின் தொடக்கம். பெங்களூருக்கு மேற்கே உள்ள ஊர்களின் சரித்திரத்தைத் தொகுக்கும் வேலையைப் பல்கலைக்கழகம் எங்கள் மையத்திடம் கொடுத்திருந்தது. தலைவரான பேராசிரியர் கன்னடக்காரர். அந்தப் பக்கத்துத் தமிழ்க் கல்வெட்டுகளைப் படிக்க என்னைத் தற்காலிக உதவியாளராக எடுத்திருந்தார். வேலை நிரந்தரமாவது அவர் கையில் இருந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

பீன்யா பக்கம் தொழிற்சாலைக்காக நிலத்தைச் சமன் செய்கிறார்கள், எழுத்துள்ள கல் ஒன்று நிற்கிறது, உடைப்பதற்குள் வாருங்கள் என்று தகவல் வந்தது. ஜீப்பில் பறந்தோம். கல்லை ஒட்டி ஒரே ஒரு குடிசை இருந்தது. மற்ற குடிசைகள் ஏற்கெனவே போய்விட்டிருந்தன. மிச்சமிருந்தவள் ஒரு தமிழ்ப் பெண், என்னைவிடச் சற்று மூத்தவள். அந்தக் கல்தான் அவளுக்குச் சாமி. தினமும் எண்ணெய் தடவி, மஞ்சள் பூசி, விளக்கு வைத்து வந்தாள். அதைக் காட்டித்தான் அதுவரை குடிசையைக் காப்பாற்றி வைத்திருந்தாள்.

தொழிற்சாலையின் இஞ்சினியர் பேச்சை வளர்க்கவில்லை. "சாதாரணக் கல்லுன்னா ஒடைச்சு அஸ்திவாரத்துல போட்டுடுவேன், குடிசையும் இன்னிக்கே காலி. முக்கியமான கல்லுன்னு நீங்க சொன்னா, மேலே கேக்காம கை வைக்க மாட்டேன். சீக்கிரம் சொல்லுங்க" என்றார். அவருக்குப் பின்னால் கூலியாட்கள் கடப்பாரையோடு நின்றார்கள். பாதிப் பேர் தர்மபுரிப் பக்கத்துத் தமிழர்கள்.

எழுத்தைத் தாளில் பதிக்கும் மைப்படி எடுக்க முதலில் கல்லைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிரஷ்ஷை எடுத்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாமிக்கு நோவும்மா, சொல்ப மெதுவா" என்றாள், 'கொஞ்சம்' என்பதைக் கன்னடத்தில் கலந்து. பிறகு அவளே தண்ணீர் ஊற்றினாள். அவளுக்கு வேறு வழி என்ன இருந்தது? எண்ணெய்ப் பிசுக்கு போகப் போக எழுத்துகள் வெளியே வந்தன. ஈரத் தாளை ஒட்டி, அடித்து, மை ஒற்றினோம். தாள் காயும்வரை காத்திருக்க வேண்டும். மேகமூட்டமான நாள் அது, தாள் காய்வேனா என்றது. இஞ்சினியர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் தாளைப் பார்ப்பதுமாக நின்றார்.

"எங்க எடம்னு எதுனா எழுதியிருக்காம்மா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

தாளை உரித்ததும் கல்லிலேயே விரல் வைத்துப் படித்தேன். எழுதியிருந்தது! இங்கே விளக்கு எரிப்பவருக்கு இந்த நிலம், சந்திர சூரியர் உள்ளவரை. படித்து அவளுக்குத் தமிழிலும் பேராசிரியருக்குக் கன்னடத்திலும் பொருள் சொன்னேன். அவள் கல்லையே பார்த்தபடி நின்றாள், அழக்கூட இல்லை.

"அபூர்வமான கல்லு" என்றார் பேராசிரியர். அவர் முகம் மலர்ந்துபோனது. எனக்கும் உயிர் வந்தது. அடுத்த மூச்சில் இஞ்சினியரிடம், "நீங்க யாரையும் கேக்க வேண்டாம். லாரி குடுங்க, கல்லை எங்க மையத்துக்கே எடுத்துட்டுப் போயிடறோம். நிலம் உங்களுக்கு" என்றார்.

பகீரென்றது. கல் போனால் குடிசை நிற்காது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பேராசிரியர் கெட்டவர் அல்ல. ஒரு கல் பிழைக்க வேண்டுமென்றால் அது எங்கள் வராந்தாவில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு யோசனையே வராது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. யாரும் எழுதாத அந்தக் கடைசி வரியை உரக்கப் படித்தேன். "இதைப் பெயர்த்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்!"

கடப்பாரைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. "நம்மால ஆவாது சாமி, புள்ளகுட்டிக்காரங்க" என்றார் ஒருவர்.

பேராசிரியர் என்னை முறைத்தார். "அது வெறும் ஃபார்முலா அம்மா! உனக்குத் தெரியாதா?" என்றார் கன்னடத்தில். பிறகு கோட்டைக் கழற்றி ஜீப்பில் போட்டுவிட்டு, தானே ஒரு கடப்பாரையை எடுத்துக் கல்லின் அடியில் கொடுத்து நெம்பினார். பெரியவரே தொட்டபின் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து கைகொடுத்தார்கள். நான் "வேண்டாம் சார், வேண்டாம் சார்" என்று கத்திக்கொண்டே இருந்தேன். கல் அசைந்து சாய்ந்தது. அவள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள்.

லாரியில் கல்லை ஏற்றியதும் அவளும் விறுவிறுவென்று ஏறி அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "சாமி எங்க போவுதோ அங்கதான் நானு. வெளக்கு போடறவளுக்குத்தான் எடம்னு படிச்சாங்கல்ல?" என்றாள். பேராசிரியர் என் பக்கம் திரும்பி, "அதெல்லாம் பழைய சரித்திரம், இப்போ செல்லாதுன்னு சொல்லி எறக்கும்மா" என்றார். "நீங்களே சொல்லுங்க சார், அவங்களுக்குக் கன்னடம் நல்லாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு நானும் லாரியில் ஏறிக்கொண்டேன். அவர் ஜீப்புக்குப் போனார்.

லாரி பெரிய ரோட்டைத் தொடும் முன்பே பின்னால் சடசடவென்று சத்தம் கேட்டது. குடிசையின் கூரை இறங்கிக்கொண்டிருந்தது. அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கல் குலுங்காமல் இருக்க அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

"அந்தக் கடைசி வரி, பசுவக் கொன்ன பாவம்னு வருதே, அது ஒங்க ஐயாவுக்குத் தெரியாதாம்மா?" என்றாள்.

"தெரியும்மா. அவர் அதைக் கன்னடத்துல நூறு கல்லுல படிச்சவரு" என்றேன்.

"தெரிஞ்சுமா?" என்றாள்.