பாண்டி சொன்ன மராத்திக் கதை

போன வாரம் என் மைத்துனன் செல்போனில் ஒரு மராத்திப் படத்தைப் போட்டுக் காட்டினான். மீசை முளைக்காத பயல்கள் அரிவாள் தூக்குகிற படம். தடை செய்யணும் என்று ஒரு கூட்டம், ஓடட்டும் என்று ஒரு கூட்டம், டிவியில் ஒரே கூச்சல். எனக்கு மராத்தியில் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் மராத்திப் படத்துக்குக் கதை சொல்கிற ஆள் ஒருத்தன் எங்களிடம் இருந்தான், அதைக் கேளுங்கள்.

நான் சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மை வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் தூக்குவாளிச் சோற்றில்கூட அடிக்கும். காலண்டர் சீசன் முடிந்தால் சினிமா போஸ்டர் ஆர்டர்கள் வரும், எந்தெந்த ஊர் பாஷையிலோ. பக்கத்து மிஷினில் பாண்டி, என் ஊர்க்காரன். போஸ்டரை ஒரு பார்வை பார்ப்பான். சாயங்காலம் ஊருக்குத் திரும்பும்போது முழுப் படத்தையும் தானே கட்டிச் சொல்லிவிடுவான், பாட்டு, சண்டை உட்பட. நாங்கள் போய்வந்தது தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்களை ஏற்றிவரும் வேன். அவன் கதைக்காகவே டிரைவர் எங்களுக்கும் இடம் போடுவார். சத்தியமாக எனக்காக இல்லை.

அப்படி ஒருதரம் மராத்திப் போஸ்டர் ஒன்று வந்தது. எங்கள் வயசுப் பையன், கையில் அரிவாள், பின்னால் ரத்தச் சிவப்பு. அந்தச் சிவப்பு சரியாக விழ நான் மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பாண்டி அதற்குள் கதையை ஆரம்பித்துவிட்டான். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். பாதியில் தீப்பெட்டிக் கம்பெனி முனியம்மா அக்கா கலங்கிப்போனாள்.

“அந்தப் பயலக் கொன்னுபுடாதலே. பெத்தவ என்ன பாடுபடுவா?”

“சாக மாட்டான்க்கா. அருவாளக் கெணத்துல போட்டுட்டு பஸ் ஏறிருவான், பாருங்க.”

வேனே கைதட்டியது. ஆகா, என்ன சிரிப்பு அவன் சிரிப்பு!

அந்தக் கதை முடியாமல் ஓடிக்கொண்டிருந்த அதே சமயத்தில்தான் எங்கள் ஊரில் புல்லட்டில் திரிந்த ஒரு ‘அண்ணன்’ பாண்டிக்குப் புரோட்டா வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தார். “சும்மா கூட வந்து நில்லுலே, அம்புட்டுத்தான்” என்பாராம். வேண்டாம்லே என்றேன். “நிக்கதுக்கு என்னலே?” என்றான். ஒருநாள் அவன் போய் நின்ற இடத்தில் அண்ணனின் ஆட்கள் ஒருத்தனை வெட்டிப் போட்டுவிட்டார்கள். பாண்டி கை வைக்கவில்லை. ஆனாலும் போலீஸ் வழக்கில் அவனையும் சேர்த்து உள்ளே தள்ளியது.

அன்று சாயங்காலம் பாண்டி இல்லாமல் வேன் கிளம்பியது. இறங்கும்போது முனியம்மா அக்கா என்னிடம், “அந்தப் பய பஸ் ஏறிட்டானா இல்லையா? நீயாவது சொல்லு தம்பி” என்றாள். எனக்குக் கதை சொல்ல வராதே. அழுதுவிட்டேன்.

படம் பார்த்துப் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்கிறார்கள் டிவியில். இருக்கட்டும். பாண்டியைக் கெடுக்க ஒரு படமும் தேவைப்படவில்லை. இரண்டு புரோட்டாவும் சால்னாவும் போதுமாயிருந்தது, அடப் பாவிகளா.

பல வருஷம் கழித்து, காரியாபட்டிப் பக்கம் என் வண்டி பஞ்சரானது. ரோட்டோரக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். குனிந்து டயரைக் கழற்றிய ஆள் பாண்டி. தலை பாதி நரைத்திருந்தது.

“உக்காருங்க சார். டீ சொல்லவா?”

“ஏலே பாண்டி, நான்தாம்லே!”

நிமிர்ந்து ஒரு கணம் பார்த்தான்.

“தெரியுதுங்க சார். வீட்ல எல்லாரும் சௌக்கியமா இருக்காகளா?”

அவ்வளவுதான். மறுபடி குனிந்துகொண்டான். நானும் என்னென்னவோ பேசிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னான்.

இப்போதும் அந்த வேன்கள் ஓடுகின்றன. உள்ளே ஆளுக்கொரு போன். போஸ்டர் ஆர்டரும் முன்போல இல்லை. அதெல்லாம் போகட்டும். என்னை ‘லே’ போட்டுக் கூப்பிட ஒருத்தன் இருந்தான். அன்று கண்ணெதிரே உட்கார்ந்து பஞ்சர் ஒட்டியவன் அவன் இல்லை.