நாடாவுக்கு உள்ளே இருந்த சோறு

எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குப் புதிய சமையலறை கிடைத்ததற்கு எங்கள் பகுதிப் பாராளுமன்ற உறுப்பினர்தான் காரணம். அதை மறைக்க முடியாது. தோட்டப் பாடசாலைகளுக்கு ஒதுக்கும் நிதி போதாது என்று சபையில் விடாமல் பேசியவர். திறந்த கொட்டகையில், ஈக்களுக்கு நடுவில் பிள்ளைகளின் மதிய உணவு சமைக்கப்படுவதை நேரில் பார்த்துவிட்டுப் போய், டைல்ஸ் சுவரும் கம்பிவலை ஜன்னலும் உள்ள அறையைக் கட்ட நிதி வாங்கித் தந்தார்.

திறப்பு விழாவன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். நான்காம் ஆண்டு படிக்கும் என் மகள் அவருக்குப் பொட்டு வைக்க வேண்டும். அவர் கையால் பரிமாறும் முதல் தட்டுச் சோறும் அவளுக்குத்தான் என்று பாடசாலை அதிபர் சொல்லியிருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பாடசாலையில் சமைப்பவர் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் அக்கா. அன்று பழைய கொட்டகையிலேயே விடியுமுன் சமைத்து, சோற்றையும் தேங்காய்ப்பால் விட்ட பருப்பையும் சூட்டோடு மூடிப் புதிய அறைக்குள் வைத்தார். கதவைச் சாத்திக் குறுக்கே சிவப்பு நாடா கட்டினார்கள்.

காலையிலேயே வரவேண்டியவர் வரவில்லை. பெரகலப் பக்கம் மண் சரிந்து பாதை அடைபட்டிருப்பதாகத் தகவல் வந்தது. பனிமூட்டம் விலகி வெயில் ஏறியது. வரவேற்புக்குத் தப்படித்தவர்கள் களைத்து உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், மூடியையாச்சும் தொறந்து வச்சிட்டு வாரேனுங்க. பால் விட்ட பருப்பு, கெட்டுப்போயிரும்."

"ரிப்பன் கட்டின பொறகு யாரு உள்ள போறது? ஐயா வந்துக்கிட்டே இருக்காராம்" என்றார் அதிபர்.

"அடியில குனிஞ்சு போறேனுங்க. நான் என்ன யானையா, அது அறுந்துபோக?"

"அப்ப நீயே தொறந்து வச்சிரு அக்கா. மாலையையும் ஒனக்கே போட்டுருவோம்" என்றார் பெற்றோரில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

மதியம் தாண்டித்தான் அவர் வந்தார். நாடாவை வெட்டிவிட்டு வாசலிலேயே நின்று பேசினார். பிள்ளைகளின் தட்டில் விழும் ஒவ்வொரு பருக்கையும் பாதுகாப்பாக இருக்க வேண்டும், அதற்குச் சட்டம் கடுமையாக வேண்டும் என்றார். மனதாரப் பேசினார். கதவைத் திறந்ததும் ஏற்றிய சாம்பிராணியால் உள்ளே ஒரே புகை. வேறு எந்த வாசனையும் தெரியவில்லை.

சோறும் பருப்பும் என் மகளின் தட்டில் விழுந்தன. அவள் குனிந்து முகர்ந்தாள். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடினாள்.

"சாப்பிடு பாப்பா, இங்க பாரு" என்றார் படம் எடுத்தவர்.

சாப்பிட்டாள். மறுபடியும் ஒரு வாய். அதற்குள் அக்கா சட்டியிலிருந்து விரலால் தொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "யாரும் கை வைக்காதீங்க!" என்று கத்தினார். மற்றத் தட்டுகளைப் பிடுங்கினார். சாப்பிட்டிருந்தது என் மகள் மட்டும்.

சாயந்தரம் வாந்தி தொடங்கியது. நிற்கவில்லை. ஆட்டோவில் பண்டாரவளையைத் தாண்டும்போது அவள் கண்கள் சொருகின. பதுளை ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே போனேன். எப்போது பதில் சொல்வதை நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியவில்லை.

பிழைத்துக்கொண்டாள். மறுநாள் பாராளுமன்ற உறுப்பினர் அதிபரோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலின் அருகே வெகுநேரம் நின்றார்.

"எனக்காக ஏன் காத்திருந்தீங்க? நேரத்துக்குக் குடுத்திருக்கலாமே."

"ஐயா தொறக்காம எப்புடிங்க ஐயா?" என்றார் அதிபர்.



இப்போது அவருடைய நிதியில் பாடசாலைக்குக் குடிநீர் வடிகட்டும் இயந்திரம் வந்திருக்கிறது. புதிய குழாயில் நாடா கட்டியாகிவிட்டது. அவர் வரும் நாள் இன்னும் முடிவாகவில்லை. பிள்ளைகள் வாய்க்காலில் போத்தலை நிரப்பிக்கொள்கிறார்கள். பழைய குழாயைக் கழற்றிவிட்டார்கள்.

நேற்று மகள் கேட்டாள்: "அம்மா, மொத கிளாஸ் தண்ணி நான்தான் குடிக்கணுமாம். குடிக்கவா?"