நான் நிறுத்தச் சொன்ன பாலிசி

கொரோனா ஊரடங்கில் பணத்தைப் பற்றி நான் ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். அதற்கு விலை கொடுத்தவன் என் மகன்.

தெலுங்கும் இந்தியும் பேசும் நகரத்தில், தார்நாகா பகுதியில் ஒரு மத்திய அரசு ஆய்வுக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகும் அங்கேயே மகன் வீட்டில் இருக்கிறேன். காய்ச்சலோ கண் அறுவையோ, மருத்துவ அட்டையை நீட்டினால் போதும். உத்தியோகம் என்றால் வைத்தியமும் கூடவே வரும், கடைசிவரை வரும் என்பது எனக்குள் ஊறிப்போயிருந்தது.

மகனுக்கு விமான டிக்கெட் பதிவு செய்யும் தனியார் நிறுவனத்தில் வேலை. கல்யாணமானதுமே குடும்பத்துக்கென்று ஒரு மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி எடுத்திருந்தான். ஊரடங்குக்கு இரண்டு வருடம் முன்பு, அதைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த தபாலை நான் பிரித்தேன்.

"ஆபீஸ்லயே எல்லாருக்கும் கவர் இருக்குல்ல? இது எதுக்குத் தண்டமா?"

"இருக்கட்டுமேப்பா, எதுக்கும்."

"இத்தனை வருஷம் கட்டினியே, ஒரு ரூபாய் திரும்பி வந்துதா? அதை ஆர்.டி.ல போடு."

"சரி, நீங்க சொன்னா சரி" என்று சிரித்தான். அந்த வருடம் கட்டவில்லை. மனைவியிடம் சொல்லவும் இல்லை.

ஊரடங்கில் விமானங்கள் நின்றன. இரண்டு மாதம் பாதிச் சம்பளம் கொடுத்தார்கள். மூன்றாம் மாதம் வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். ஆர்.டி. பணம் வீட்டுக் கடன் தவணைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கரைந்தது. என் பென்ஷன் மட்டும் மாதம் தவறாமல் வந்தது. அதனாலேயே எனக்குப் பயம் வரவில்லை. வேலையோடு காப்பீடும் போய்விடும் என்று தோன்றவே இல்லை.

மழைக்காலத்தில் பேத்திக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. பன்னிரண்டு வயது. "நொப்பி, நொப்பி" என்று வலி தாங்காமல் தெலுங்கில் அழுதுகொண்டே வந்தாள். தனியார் மருத்துவமனையில்தான் இடம் கிடைத்தது. பணம் கட்டும் இடத்தில் இருந்தவன், "சாப், ஏ கார்டு பந்த் ஹோ கயா" என்று இந்தியில் சொல்லி, செல்லாமல் போன ஆபீஸ் காப்பீட்டுக் கார்டைத் திருப்பித் தள்ளினான்.

மருமகள் மகனிடம் திரும்பினாள். "நம்ம பழைய பாலிசி இருக்கே, அதைக் குடுங்க."

"அது நிறுத்தியாச்சு."

"யாரைக் கேட்டு?"

அவன் ஒருமுறை என்னைப் பார்த்தான். நான் சுவரில் ஓடிய டோக்கன் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரையும் கேக்கல. நானாத்தான் நிறுத்தினேன்" என்றான்.



ஒன்பது நாள் கழித்துக் குழந்தை வீடு திரும்பினாள். நான் என் வைப்புத்தொகையை முறித்துக் கொடுத்தேன். போதவில்லை. மருமகளின் தாய் வீட்டு நகை விலைக்குப் போனது. வேலை போவதற்கு முன்பே எழுதிக் கேட்டிருந்தால், ஆபீஸ் காப்பீட்டைத் தனிப் பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி இருந்ததாம். அது பின்னால்தான் தெரிந்தது.

மகனுக்குக் குறைந்த சம்பளத்தில் வேறு வேலை கிடைத்தது. ஆனால் வீட்டில் பண விஷயம் எதையும் மருமகள் அவனிடம் விடவில்லை. விருந்தாளிகள் வந்தால், "ஐயோ, இவர்கிட்ட குடுத்துடாதீங்க. பாலிசி மாதிரி காணாமப் போயிடும்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். நானும் சோற்றைப் பிசைந்தபடி சிரித்திருக்கிறேன். நான்கு வருடம்.

போன மாதம் அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"அந்தப் பாலிசியை நிறுத்தச் சொன்னது நான்தாம்மா."

கை நின்றது. "இப்ப சொல்றீங்களே மாமா."

"தைரியம் வரல. என்னைக் காட்டிக்குடுக்க அவனுக்கு மனசில்ல. இனிமே அவனைக் கேலி பண்ணாதம்மா."

இரண்டு பட்டாணி உரித்தாள். "நீங்க சொன்னீங்க, சரி. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம நிறுத்தினது அவர்தானே?"

நாற்பது வயதிலும் அப்பா பேச்சைத் தட்டாத பிள்ளை என்று எத்தனையோ பேரிடம் பெருமைப்பட்டவன் நான்.

அந்தக் கேலியை அவள் இப்போது சொல்வதில்லை. பணப் பேச்சு வந்தால், நான் எழுந்து என் அறைக்குப் போகும்வரை இருவரும் காத்திருக்கிறார்கள்.