தெப்பத்தில் எத்தனை பேர்?

உப்பளம் என்கிற எங்கள் ஊரில், பள்ளி ஆய்வகத்தின் சாவி பத்தொன்பது வருடமாகத் தீபலட்சுமியிடம்தான் இருக்கிறது. லேப் அட்டெண்டர் வேலை. அவர் அப்பா மில் தொழிலாளி. மில்லை மூடிய வருடம் மகளின் படிப்பும் பிளஸ் டூவோடு நின்றது. நான் இராமதாஸ், அதே ஆய்வகத்தில் இயற்பியல் ஆசிரியர். சம்பளம் எனக்கு அதிகம். அறிவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்பதைக் கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று மாற்றச் சொன்னால், எங்கள் பிள்ளைகள் நூறால் பெருக்கித் தொலைப்பார்கள். நான் கத்துவேன். தீபலட்சுமி குடுவையைத் துடைத்துக்கொண்டே, "நூறு இல்லடா, ஆயிரம்" என்பார். அவர் சொன்னால் அதுகளுக்கு உடனே விளங்கும். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அவருடைய கணவர் செல்வகுமாருக்கு வெல்டிங் பட்டறை. பதினோரு வருடமாகக் காய்ந்து கிடந்த எங்கள் தெருக் கோயில் குளம் போன மழையில் நிரம்பியது. தெப்பம் விட்டே தீருவது என்று விழாக்குழு முடிவு செய்து, கட்டும் வேலையைச் செல்வகுமாரிடம் கொடுத்தது. அவர் வாழ்க்கையிலேயே பெரிய வேலை அது. தெப்பத்தில் முன்னால் நின்று கழி ஊன்றப்போவதும் அவர்தான்.

குழுத் தலைவர் அன்பழகனின் கணக்கு இது: இருநூறு லிட்டர் டிரம் இருநூறு கிலோ தாங்கும். இருபத்து நான்கு டிரம், நாலாயிரத்து எண்ணூறு. சாமியோடு சப்பரம் எழுநூறு, பலகை ஐந்நூறு, ஜெனரேட்டர் இருநூற்றைம்பது. ஆள் நாற்பது பேர், தலைக்கு அறுபத்தைந்து. எல்லாம் சேர்த்து நாலாயிரத்து ஐம்பதுதான். தாராளம்.

பலகைக்கு அடியில் சட்டமாகக் கட்டப்போகிற அறுபது சவுக்குக் கழிகளை ஒருவரும் கணக்கில் சேர்க்கவில்லை. மரம் தானே மிதக்குமே, அதற்கு எதற்குக் கணக்கு?

தீபலட்சுமிக்கு அது உறுத்தியது. "மெதக்குற மரமாவே இருக்கட்டும். டிரம்முக்கு மேல தான கட்டப் போறீங்க? முழு எடையும் டிரம் தலையிலதான் விழும்" என்று வீட்டில் கேட்டிருக்கிறார். செல்வகுமாருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊரே எங்கிட்ட வேலைய நம்பிக் குடுத்திருக்கு. நீ ஒருத்தி போதும், என் பேரக் கெடுக்க!"

இருபதடிக் கழியை எந்தத் தராசில் வைப்பது? வெட்டி எறிந்த கழித் துண்டு ஒன்றைத் தீபலட்சுமி மறுநாள் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். தராசில் நானூற்றுப் பன்னிரண்டு கிராம். நிரம்பிய கலத்தில் அமுக்கியபோது வழிந்த தண்ணீர் முந்நூற்று எழுபத்தைந்து கன சென்டிமீட்டர். வகுத்தால் ஒன்று புள்ளி ஒன்று. கன மீட்டருக்கு ஆயிரத்து நூறு கிலோ. ஒரு கழி பத்து சென்டிமீட்டர் குறுக்களவு, ஆறு மீட்டர் நீளம். கன அளவு நாற்பத்தேழு லிட்டர், எடை ஐம்பத்திரண்டு கிலோ. அறுபது கழிக்கு மூவாயிரத்து நூறு கிலோவுக்கு மேல். அந்தத் தெப்பத்தில் சாமியை ஏற்றிய பிறகு நாலு ஆள்கூட ஏற முடியாது.

தாளை என்னிடம் நீட்டினார். "நீங்க பாத்து ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க சார். நான் சொன்னா யாரு கேப்பா?"

நான் ஒரு வரியை மட்டும் பார்த்தேன். "மரத்தோட அடர்த்தி தண்ணியவிட அதிகமா? புத்தகத்துல புள்ளி ஏழுன்னு இருக்கும்மா. எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கீங்க, திரும்பப் போடுங்க."

அவர் வாளியில் தண்ணீர் பிடித்து வந்து, அந்தத் துண்டை மெல்ல விட்டார். அது நேரே அடிக்குப் போய் உட்கார்ந்தது.

"கனகசெட்டிக்குளம் ஊர்ப் பக்கம் தோப்புல போன வாரம் வெட்டுனது சார். பச்ச மரம். உங்க புத்தகத்துல காஞ்ச மரம் போட்டிருக்கும்."

இருபத்தாறு வருடம் அடர்த்தி பாடம் நடத்தியவன் நான். வெட்கமாக இருந்தது. அதைவிட, இவர் பேசாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயம் பெரிதாக இருந்தது. குளம் இரண்டு ஆள் ஆழம். தெப்பத்தில் ஏறப்போகிற மேளக்காரர்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது.

அன்று சாயங்காலமே இருவரும் குளக்கரைக்குப் போனோம். அன்பழகன் சிரித்தார். "சவுக்கு முங்குமா? நல்லா கத சொல்றீங்க!"

தீபலட்சுமி கணவரைப் பார்த்தார். "ஒரே ஒரு கழிய தண்ணியில போடுங்க. மெதந்துச்சுன்னா நான் வாயே தெறக்கல." செல்வகுமார் முறைத்துக்கொண்டே ஒரு கழியைத் தள்ளினார். அது முங்கியது. கொஞ்ச நேரம் குமிழி மட்டும் வந்தது. செல்வகுமார் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். "எத்தன டிரம் வேணும்?" என்று மனைவியிடம் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

டிரம் நாற்பத்தெட்டாயிற்று. ஆள் முப்பதாகக் குறைந்தது. மொத்தம் ஆறாயிரத்து ஐந்நூறு கிலோ. டிரம்முக்கு நூற்று முப்பத்தைந்து, டிரம்மின் சொந்த எடை பத்து. ஆக ஒவ்வொன்றும் நூற்று நாற்பத்தைந்து லிட்டர் தண்ணீரை ஒதுக்கும் வரை இறங்கும். தீபலட்சுமி ஒரு டிரம்மைப் படுக்கவைத்து, ஆய்வகத்து ஒரு லிட்டர் குடுவையால் நூற்று நாற்பத்தைந்து முறை ஊற்றினார். தண்ணீர் நின்ற மட்டத்தை மற்ற டிரம்களில் வெள்ளைப் பெயின்டால் கோடாக இழுத்தார்.

"தண்ணி இந்தக் கோட்டத் தாண்டக் கூடாது. தாண்டுனா ஆள எறக்கிடுங்க."

விழா அன்று பொழுது சாயும் நேரம். சாமி ஏறியது, மேளம் ஏறியது. தீபலட்சுமி கீழ்ப்படியில் நின்று ஆட்களை எண்ணிக்கொண்டே இருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஒவ்வொருவர் ஏறும்போதும் தெப்பம் கொஞ்சம் இறங்கியது. இருபத்தெட்டாவது ஆள் ஏறி நின்றபோது, தண்ணீர் வெள்ளைக் கோட்டுக்கு ஒரு நூல் கீழே அசையாமல் நின்றது.

அன்பழகன் தெப்பத்திலிருந்து கும்பிட்டார். "எம்மா, இன்னும் ரெண்டு பேருக்கு எடம் இருக்குன்னு உன் கணக்குதான் சொல்லுது. நீயும் சாரும் ஏறுங்க."

கழியோடு நின்ற செல்வகுமார் கை நீட்டினார். தீபலட்சுமி காலெடுத்து வைக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், உங்க வெயிட் எவ்ளோ?"

ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. "எண்பத்தி நாலு" என்றேன்.

"தலைக்கு அறுபத்தஞ்சுதான போட்டிருக்கேன்" என்று யோசித்தார். பிறகு அத்தனை நாளில் முதல் முறையாகச் சிரித்தார். "பரவால்ல. நான் நாப்பத்தாறு. ரெண்டும் சேந்து நூத்தி முப்பது. ஏறுங்க சார்."