பள்ளத்து நெரை

ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் பவளத்தைப் பற்றிக் கேட்டால் முதலில் சிரிப்பார்கள். "யாரு, அந்தத் தொண்டைக்காரியா?" என்பார்கள். தானா ராத்தா ஊருக்குப் போகிற பஸ்ஸில் எவனாவது மேலே சாய்ந்தால் அவள் நகர்ந்து உட்கார மாட்டாள். "நீலச் சட்டை அண்ணே, ஒங்க கை வழி தவறி இங்க வந்துருச்சு, கூப்பிட்டுக்கோங்க" என்று டிரைவர் காதில் விழும்படி சொல்வாள். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். அடுத்த நிறுத்தத்தில் நீலச் சட்டை இறங்கிவிடும்.

அந்தத் தொண்டை அவளுக்குப் பிறவியில் வந்ததல்ல. எழுபத்தெட்டாம் வருஷத்து மழைக்காலம் வரை, பவளம் பேசினால் பக்கத்தில் நிற்கிறவளுக்கே பாதிதான் கேட்கும்.

மலை மடிந்து ஓடைக்கு இறங்குகிற இடத்துத் தேயிலை வரிசைக்குப் பள்ளத்து நெரை என்று பேர். கொழுந்து அங்கேதான் செழிப்பு. மூடுபனி முதலில் வந்து உட்காருவதும் அங்கேதான். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி, யாருக்கு எந்த நெரை என்று பிரித்துவிடுகிறவன் நாகப்பன் கங்காணி. அந்த வாரம் முழுக்க பள்ளத்து நெரை பவளத்துக்கே விழுந்தது. தனியாக.

சரிவில் கூடை ஆடக்கூடாதென்று, தலைக்கயிறு போதாமல் கூடையை இடுப்போடும் ஒரு கயிறு போட்டு இறுக்குவது அங்கே பெண்கள் எல்லோருக்கும் பழக்கம். ஈரத்துக்குச் சுற்றிய பிளாஸ்டிக் தாளின் மேல் முடிச்சு விழும். மழையில் நனைந்துவிட்டால் பல்லால் கடித்தாலும் அவிழாது. அது ஆபத்து என்று யாருக்கும் தோன்றியதில்லை, பின்னாலிருந்து ஒரு கை கூடையைப் பிடித்து இழுக்கிறவரை.

பவளம் மல்லாந்து விழுந்தாள். எழுந்து ஓடப் பார்த்தாள்; முடிச்சு விடவில்லை. கத்த வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. வாயைப் பொத்திய கையை எலும்பு வரை கடித்தாள். ரப்பர் பூட்ஸ் குதிகாலால் பின்பக்கம் உதைத்தாள், முழங்காலுக்குக் கீழே பட்டது. பிடி விட்டது. பனி அவனை மூடிக்கொண்டது. ஆனால் மணிக்கட்டில் இருந்த பச்சை முகக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள். அதில் நேரம் பார்த்துத்தான் அந்த மலையில் கங்காணி வேலைக்கு விசில் அடிப்பான்.

சாயங்காலம் குழாயடியில் பவளம் நடந்ததைச் சொன்னதும், பக்கத்து வீட்டு மணியம்மா கேட்டாள்: "அந்த மூட்டத்துல தனியா ஏண்டி நின்ன?"

"நெரை பிரிச்சது நானா?"

மணியம்மா வாளியைக் கீழே வைத்தாள்.

வீட்டில் புருஷன் ஆண்டியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். "தொரைகிட்ட சொல்லலாம். சாட்சி கேப்பாரு. பனியவா கூட்டிட்டுப் போவ? கங்காணி ஒரு வார்த்த சொன்னா வேலையும் போயிரும், தோட்டத்துல குடுத்த லயத்து வீடும் போயிரும்லா. நீ பேசாம ஒடம்பு சரியில்லன்னு கெட."

"எனக்கு என்ன நோவு? எனக்கு வேலை வேணும், வீடு வேணும், அந்த நெரையும் வேணும். கொழுந்து அங்கதான் இருக்கு. அவன் கை அங்க வரக்கூடாது, அவ்வளவுதான்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு பேசி அவன் கேட்டதில்லை.

அன்றைக்கே இடுப்புக் கயிற்றை அறுத்து அடுப்பில் போட்டாள். கூடையில் விறகை நிரப்பி, தலைக்கயிற்றை மட்டும் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இழு."

"என்ன புள்ள வெளையாட்டு?"

"இழுய்யா!"

ஆண்டியப்பன் இழுத்தான். அவள் மோவாயை நெஞ்சில் ஒட்டிக் குனிந்தாள். கயிறு உச்சந்தலையைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போனது. கூடையும் விறகும் ஆண்டியப்பனும் ஒன்றாகக் கோழிக்கூண்டின் மேல் விழுந்தார்கள். லயமே வாசலுக்கு வந்து சிரித்தது. சிரித்து முடித்ததும் மணியம்மா தன் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "எங்க, என்னைய இழு பாப்போம்."

அடுத்த நாளிலிருந்து யாரும் இடுப்புக் கயிறு கட்டவில்லை. பவளம் இன்னொன்றும் சொன்னாள்: "பனி எறங்குனா ஒருத்தி பேர இன்னொருத்தி கூப்பிடணும். பதில் வரலேன்னா கொழுந்தப் போட்டுட்டு எல்லாரும் அங்க ஓடணும். கத்துறதா இருந்தா 'ஐயோ'ன்னு கத்தாதீங்க. யாரு, எங்கன்னு கத்துங்க."

மலையெங்கும் பேர்கள் பறக்க ஆரம்பித்தன. கையில் கைக்குட்டை சுற்றியிருந்த நாகப்பனுக்கு அது பிடிக்கவில்லை. காலைப் பெரட்டில் கேட்டான்:

"கொழுந்து எடுக்குறீங்களா, திருவிழாவுல காணாமப் போன புள்ளையத் தேடுறீங்களா?"

"பன்னி வருதுங்க கங்காணி," என்றாள் மணியம்மா. "சத்தம் போட்டா ஓடிரும்."

பெரட்டுக் களம் பொங்கிச் சிரித்தது. நாகப்பன் காது சிவந்தது. "பவளம், பள்ளத்து நெரை. முடியாதுன்னா சொல்லு, பேர வெட்டிடுறேன். லயத்தக் காலி பண்ணிட்டுப் போகலாம்."

"முடியாதுன்னு யாரு சொன்னா?" என்றாள் பவளம். கூடையை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

பனி வந்தது. வெள்ளை வேட்டியை உதறிப் போட்டதுபோல் செடிகள் காணாமல் போயின. மேலேயிருந்து மணியம்மா, "பவளோம்!" என்றாள். இவள் பதில் கொடுத்தாள். கொழுந்து கிள்ளியபடியே காதைப் பின்னால் வைத்திருந்தாள். சருகு நெரிந்தது. கூடையில் கை விழுந்தது.

மோவாய் நெஞ்சுக்குப் போனது. நனைந்த கொழுந்து நிறைந்த கூடை அவன் மார்பில் பாய்ந்தது. அவன் மல்லாக்க உருண்டு மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் கிடந்தான். பவளம் எட்ட நின்று, தனக்கே தெரியாமல் இத்தனை காலம் உள்ளே கிடந்த குரலை எடுத்தாள்.

"நாகப்பன் கங்காணி! பள்ளத்து நெரையில! என் கூடையப் புடிச்சு இழுக்குறாரு!"

மணியம்மா அதை வாங்கி மேலே அனுப்பினாள். அவளுக்கு மேலே இருந்தவள் அதற்கும் மேலே. அவன் பேர் நெரை நெரையாக ஏறிப் போய், எடை போடுகிற கொட்டகையில் கணக்கெழுதிக்கொண்டு நின்ற கிராணி ராஜுவின் முன்னால் விழுந்தது.

கிராணி இறங்கி வருவதற்குள் பெண்கள் பள்ளத்தைச் சூழ்ந்துவிட்டார்கள். நாகப்பன் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தான். "கொழுந்து தரமா இருக்கான்னு பாக்க வந்தேன். கத்தி ஊரக் கூட்டிட்டா."

கைக்குட்டை அவிழ்ந்து கிடந்தது. கையில் பல் வரிசை.

"அது என்ன காயம்?"

"முள்ளு கிழிச்சிருச்சு."

"தேயிலையில எங்கய்யா முள்ளு?" என்றார் கிராணி.

"நான் கடிச்சதுங்க," என்றாள் பவளம். "போன வாரம், இதே எடத்துல." பிறகு கங்காணியைப் பார்த்தாள். "கொழுந்து பாக்க வந்தீங்கல்ல? நல்லாப் பாருங்க. கீழ கொட்டுனத ஒண்ணு விடாமப் பொறுக்கிக் கூடையில போடுங்க."

அவன் கிராணியைப் பார்த்தான். கிராணி பெண்களைப் பார்த்தார். ஒருத்தியும் நகரவில்லை. நாகப்பன் குனிந்தான்.

துரை அவனை விறகுக் கொட்டகைக்கு மாற்றினார். அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை. மறுநாள் பெரட்டில் கிராணியே நெரை பிரித்தார். "பவளம், நீ மேட்டு நெரைக்குப் போம்மா. அதான் ஒனக்குப் பாதுகாப்பு," என்றார் நல்ல மனசோடுதான்.

"தப்புப் பண்ணவரு எடம் மாறுனாரு, சரி. நான் எதுக்குங்க மாறணும்? பள்ளத்து நெரைய எனக்கே போடுங்க."

கிராணி போட்டார். பவளம் இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் பனியும் இறங்கியது.

"பவளோம்!"

அவள் கொடுத்த பதில் ஓடையைத் தாண்டி எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது.